முதலில் கூப்பிடுவது யார்

அத்தியாயம் எட்டு

கோடாலி சுத்தமாக இருந்தது. அதுதான் பெராசாவுக்குப் பிடிக்கவில்லை.

அதன் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். கடலடித் தந்திக் கம்பிக்கு வெளியே இரும்புக் கவசம் உண்டு. அதை வெட்டிய கோடாலிக்குப் பல் விழுந்திருக்க வேண்டும். இதை வைத்து முகம் மழிக்கலாம்.

"போலீஸ் இதைப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க தலைவரே. இது கோடாலிதானான்னு பாத்தாங்க. கோடாலிதான். கேஸ் முடிஞ்சுபோச்சு" என்றான் சிரிலோ.

சிரிலோவுக்கு ஐம்பது வயது. முன்பு குதிரை டிராமில் கண்டக்டர். பயணிகளோடு வாயாடியதில் டிக்கெட் கொடுக்க மறந்து வேலையை இழந்தவன். துப்பறியும் பெராசாவிடம் சேர்ந்த பிறகும் வாய் அப்படியே இருக்கிறது.

கோடாலி போலீஸ் நிலையத்தில் இல்லை. மொந்தேவீடியோவின் போசிதோஸ் கடற்கரையில், சலவைக்காரி பெத்ரோனாவின் துணி மூட்டைமேல் கிடந்தது. கம்பி இரு கரை அரசுகளுக்கும் பொது என்பதால் சாட்சிப் பொருளை எந்தக் கரை எடுத்துப்போவது என்று முடிவாகவில்லை. முடிவாகும்வரை பத்திரமாக வைத்திருக்கும்படி அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

நான்கு நாட்களாகக் கம்பி பேசவில்லை. கடற்கரையின் கோடியிலுள்ள குடிசையிலிருந்து அது தண்ணீருக்குள் இறங்குகிறது. எதிர்க்கரையில் ஏறுகிறது. பாதி இந்த அரசுடையது, பாதி அந்த அரசுடையது. அதை நிர்வகிப்பது யார் என்று மொந்தேவீடியோவின் பெரிய ஹோட்டல் ஒன்றில் இரு தரப்பும் வசந்தகாலத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தன. இப்போது குளிர்காலம்.

நேற்று நிகனோர் ஒலாசாவைக் கைது செய்தார்கள். குடிசையின் மூத்த தந்திக்காரர். அவருக்கு எதிராக இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று இந்தக் கோடாலியோடு அவர் கரையில் இறங்கியதைப் பார்த்தவர்கள் உண்டு. இன்னொன்று மதுக்கடையில் அவர் சொன்னது. டாக்டர்கள் இன்னும் ஒரு மாதம் இப்படியே பேசினால் தானே கம்பியை வெட்டிப் போட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தார். சட்டம் படித்தவர்களை எல்லாம் இங்கே டாக்டர் என்போம். ஹோட்டலில் பேசுபவர்கள் எல்லாரும் டாக்டர்கள்.

பொதுக் கம்பி சம்பந்தமான குற்றங்களை இரு கரையும் மாறி மாறி விசாரிக்கும். சென்ற முறை விளக்கு திருடியவனை இங்கே விசாரித்தார்கள். இந்த முறை அவர்கள் முறை. மாலைக் கப்பலில் நிகனோரை ஏற்றிவிடுவார்கள். அங்கே கம்பி வெட்டியவனுக்குப் பத்து வருடம்.

காலையில் நிகனோரின் மனைவி எதெல்வீனா பெராசாவின் வீட்டுக்கு வந்திருந்தாள். அழவில்லை. கம்பி கரையேறும் கம்பத்தில் யாராவது துணி காயப்போட்டால்கூடத் தன் கணவருக்குத் தாங்காது என்று மட்டும் சொன்னாள். அதைச் சொல்லிவிட்டு, வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

பெத்ரோனா மணலில் தோண்டிய குழியிலிருந்து தண்ணீர் மொண்டு ஒரு விரிப்பை அலசிக்கொண்டிருந்தாள். கோடாலியோடு நிகனோர் வந்ததைப் பார்த்தாயா என்று பெராசா கேட்டார். பார்த்தேன் என்றாள். போலீஸிடமும் சொன்னேன் என்றாள்.

"வந்து என்ன பண்ணாரு, தோன்யா பெத்ரோனா?" மரியாதைக்கு ஆண்களைத் தோன் என்றும் பெண்களைத் தோன்யா என்றும் இங்கே கூப்பிடுவோம்.

அவள் நிமிர்ந்தாள். "இதை அவங்க கேக்கலையே."

"நான் கேக்கறேன்."

"வெள்ளத்துல ஒரு மரம் ஒதுங்கியிருந்துச்சு. அதைப் பொளந்தாரு. தோள்ல தூக்கிக்கிட்டுக் குடிசைக்குப் போனாரு. அங்க கரி இல்லைல்ல. கரி வாங்கணும்னா ரெண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போடணுமாம். போன வருஷத்துக் குளிருக்கே இன்னும் பேசிட்டு இருக்காங்க."

"இதைப் போலீஸ்ல சொல்லியிருக்கலாமே" என்றான் சிரிலோ.

"ஏம்ப்பா, அவங்க எங்கிட்டக் கேட்டது ஒரு கேள்வி. நான் சொன்னது ஒரு பதில். மிச்சத்தைக் கேட்டா நான் சொல்லமாட்டேன்னா சொன்னேன்?"

பெராசா குடிசையை நோக்கி நடந்தார். புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது.

"சாட்சி எரியுது தலைவரே" என்றான் சிரிலோ.

*

கதவைத் திறந்தவன் வெனான்சியோ. இரண்டாவது தந்திக்காரன். அவனும் நிகனோரும் வாரம் மாற்றி வாரம் வேலை பார்ப்பார்கள். இது அவனுடைய வாரம். கண்கள் சிவந்திருந்தன. நேற்றைய சட்டை. கையில் மாத்தே பானம் குடிக்கும் சுரைக்குடுக்கை, அதில் இலை வெளுத்துப்போயிருந்தது.

உள்ளே இருட்டு. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டிருந்தது. மூலையில் ஒரு விளக்கு எரிந்தது. அதன் வெளிச்சம் ஒரு சிறு கண்ணாடியில் பட்டு, எதிர்ச்சுவரின் அட்டையில் ஒரு புள்ளியாக விழுந்தது. எதிர்க்கரை பேசினால் புள்ளி இடமும் வலமும் ஆடும். ஆடுவதைப் படித்துச் சொல்வதுதான் தந்திக்காரன் வேலை. மற்ற ஊர்களில் இந்த எந்திரத்தை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார்கள். புதிதாக வாங்கினால் இரு அரசும் கையெழுத்துப் போட வேண்டும்.

சிரிலோ நாற்காலியில் உட்காரப் போய்ச் சட்டென்று எழுந்தான். அதற்கு மூன்று கால்.

"நாலாவது கால் எதிர்க்கரையோடதா?"

வெனான்சியோ சிரிக்கவில்லை. ஆமாம் என்றான். பாதிச் செலவை அவர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்றான்.

பெராசா அடுப்பின் கதவைத் திறந்தார். நிகனோர் பிளந்த மரத்தில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. ஓரத்தில் கோடாலியின் வெட்டு சிவப்பாகக் கனன்றது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உடைந்து சாம்பலில் விழுந்தது.

"அவர் உனக்காகத்தானே விறகு கொண்டுவந்தார்?"

வெனான்சியோ தலையைக் குனிந்துகொண்டான். குளிர் தாங்கவில்லை என்று தான் சொன்னதால் வந்தார் என்றான். மெல்லிய குரலில் சொன்னான்.

"இதையும் போலீஸ் கேக்கலையா?"

"கேக்கல."

பெராசா சுவரிலிருந்த புள்ளியைப் பார்த்தார். அது அசையவில்லை. விளக்கில் எண்ணெய் நிறைந்திருந்தது. திரி புதிதாக நறுக்கியிருந்தது. தரையில் ஒரு தலையணை. தலையணையில் படுத்தாலும் புள்ளி தெரியும்.

"கம்பி செத்து நாலு நாளாச்சு" என்றார். "நீ தூங்காம முழிச்சிருக்க. விளக்கு எரியுது. செத்த கம்பிக்கு எதுக்குய்யா விளக்கு?"

"துட்டி வீட்டுலதான் விளக்கு அணையாம எரியும்" என்றான் சிரிலோ.

"இல்ல. இவன் அழுதுட்டு இல்ல. காத்துக்கிட்டு இருக்கான்."

அவர் மேசையைத் தடவினார். மேசையில் தூசி படிந்திருந்தது. நடுவில் மட்டும் இரண்டு சதுரங்கள் சுத்தமாக இருந்தன. அந்த இடத்தில் எப்போதும் ஏதோ இருந்திருக்கிறது. இப்போது இல்லை.

செய்தி அனுப்பும் விசைகள் எங்கே என்று பெராசா கேட்டார். இடதுபக்கம் ஒன்று, வலதுபக்கம் ஒன்று இருக்க வேண்டும். வெனான்சியோ மேசையின் இழுப்பறையைப் பார்த்தான். உடனே பார்வையை எடுத்துக்கொண்டான். இழுப்பறையில் பூட்டு தொங்கியது.

"காது திறந்திருக்கு, வாய் பூட்டியிருக்கு" என்றார் பெராசா. "யார் பூட்டச் சொன்னது?"

வெனான்சியோ மாத்தே குடுக்கையைக் கீழே வைத்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான்.

தினமும் காலையில் ஒரு கரை மற்றதைக் கூப்பிடும். மற்றது பதில் சொல்லும். இந்த வேலை எங்கே நடந்தாலும் தலைமை நிலையம்தான் கூப்பிடும். கீழ் நிலையம் பதில் சொல்லும். இங்கே தலைமை எது என்று யாரும் முடிவு செய்ததில்லை. நிகனோரும் எதிர்க்கரைத் தந்திக்காரரும் தாங்களாகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரு நாள் அவர், ஒரு நாள் இவர். பதினோரு வருடம் அப்படியே ஓடியது. ஹோட்டலில் பேச்சுவார்த்தை 'தலைமை நிலையம்' என்ற பிரிவுக்கு வந்தது. அன்று மாலை இந்த அரசின் பிரதிநிதி டாக்டர் சுபிரியா நேரில் குடிசைக்கு வந்தார். நாளையிலிருந்து நீ கூப்பிடக் கூடாது, அவர்கள் கூப்பிட்டால் பதில் சொல் என்றார். நாம் முதலில் கூப்பிட்டால் தலைமை நாமே என்று ஆகாதா என்று வெனான்சியோ கேட்டான். டாக்டர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். ஒப்பந்தத்தின் புதிய வரைவில் அது தலைகீழாக மாறிவிட்டது என்றார். கூப்பிடுபவன் உதவி கேட்பவன், பதில் சொல்பவனே தலைமை. இந்த உத்தரவை யாரிடமும் சொல்லக் கூடாது, நிகனோரிடமும் கூடாது என்று சொல்லிவிட்டு இழுப்பறையைப் பூட்டச் சொன்னார்.

"அப்போ கம்பி அறுபடல. நீ கூப்பிடல, அவ்வளவுதான்" என்றான் சிரிலோ.

"நான் அப்படித்தாங்க நெனச்சேன். மறுநாள் அவங்க கூப்பிடுவாங்கன்னு உக்காந்திருந்தேன். கூப்பிடல. அதுக்கு அடுத்த நாளும் கூப்பிடல. அப்போ நெசமாவே அறுந்திருக்கும்னுதானே நெனைக்கத் தோணும்? நிகனோரைப் புடிச்சப்ப, வெட்டியிருப்பாரோன்னு நானே நெனச்சேன். கடவுள் என்னை மன்னிக்கணும்."

"அங்கேயும் ஒருத்தன் இப்படி விளக்கை ஏத்திட்டு உக்காந்திருந்தா?" என்று கேட்டார் பெராசா.

வெனான்சியோ சுவரைப் பார்த்தான். இத்தனை நாட்களில் இது அவனுக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"தெரிஞ்சுக்க ஒரே வழிதான்" என்றார் பெராசா.

அதற்கு அவன் ஒப்புக்கொள்ளவில்லை. வேலை போகும் என்றான். ஜெயில் என்றான். மூன்று பெண் குழந்தைகள் என்றான். எல்லாம் உண்மை. பெராசா வற்புறுத்தவில்லை. மாலைக் கப்பலின் முதல் சங்கு தூரத்தில் ஊதும்வரை காத்திருந்தார். வெனான்சியோ சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

"நான் எதையும் தொடமாட்டேன். கூப்பிடற அடையாளம் எடதுல மூணு, வலதுல ஒண்ணு. யாராவது தட்டினா அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

சிரிலோ விசைகளை எடுத்துத் தூசி படாத சதுரங்களில் வைத்தான். டிராம் மணி அடித்துப் பழகிய கை. இடதில் மூன்று தட்டினான். வலதில் ஒன்று.

புள்ளி அசையவில்லை.

அடுப்பில் ஏதோ சரிந்தது. வெளியே சலவைக்காரிகள் யாரையோ கேலி செய்து சிரித்தார்கள். சிரிலோ மீண்டும் தட்டக் கையைத் தூக்கினான். பெராசா அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

புள்ளி இடது பக்கம் துள்ளியது. பிறகு வலதுக்கு. பிறகு நிற்கவே இல்லை.

வெனான்சியோ திரும்பிவிட்டான். அவன் வாய் தானாகப் படித்தது. "நன்றி. கடவுளுக்கு நன்றி. நாலு நாளா உக்காந்திருக்கேன். எங்களுக்குக் கூப்பிடக் கூடாதுன்னு உத்தரவு." கொஞ்சம் நிறுத்தினான். "இது வெனான்சியோ கையும் இல்ல, நிகனோர் கையும் இல்ல. நிகனோர் எங்கே?"

எதையும் தொடமாட்டேன் என்றவன் சிரிலோவைத் தள்ளிவிட்டு விசைகளில் கை வைத்தான். ஜெயிலில் என்று தட்டினான். கம்பியை வெட்டியதற்காக என்று தட்டினான்.

புள்ளி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெதுவாக ஆடியது.

"எந்தக் கம்பியை?" என்று வெனான்சியோ படித்தான்.

சிரிலோ சிரித்தான். பெராசாகூடச் சிரித்துவிட்டார். இந்த வழக்கில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். புள்ளி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. வெனான்சியோவின் முகம் மாறியது. இந்த முறை அவன் படித்துச் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்து எழுதினான்.

எதிர்க்கரைத் தந்திக்காரர் மன்னிப்புக் கேட்டிருந்தார். அவருக்குப் பின்னால் அதிகாரி ஒருவர் வந்து நின்றுவிட்டார். பேச்சுவார்த்தைக்கு மொந்தேவீடியோ வந்திருக்கும் தங்கள் பிரதிநிதி டாக்டர் எல்கேராவுக்கு ஒரு அவசரச் செய்தி: அவர்கள் முதலில் கூப்பிட்டுவிட்டார்கள், தலைமை நிலையம் நாமே.

"இதைக் குடுக்காத" என்றார் பெராசா.

"வந்த செய்தியை உரியவர்கிட்டச் சேக்கணும். வேலைல சேரும்போது சிலுவையைத் தொட்டுச் சத்தியம் பண்ணியிருக்கோம்."

"ஒரு மணி நேரம் கழிச்சுக் குடு."

"அதுவும் கூடாது, தோன் பெராசா. என்ன மன்னிச்சுக்கங்க." நான்கு நாட்கள் இவ்வளவு பெரிய விஷயத்தை மறைத்தவன், இந்த ஒரு தாளை ஒரு மணி நேரம் மறைக்க மாட்டேன் என்றான். அவனுக்கு அதில் முரண் எதுவும் தெரியவில்லை.

*

ஹோட்டலுக்கு ஒரே டிராம்தான். மூவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து போனார்கள். பெராசாவிடம் நிகனோரை விடுவிக்கும் உண்மை இருந்தது. அதை எதிர்க்கரைக்கு வெற்றியாக்கிக் கொடுக்கும் தாள் வெனான்சியோவின் பையில் இருந்தது. நடுவில் சிரிலோ.

"நான் கண்டக்டரா இருந்தா ஒருத்தரையாவது இறக்கி விட்டிருப்பேன்" என்றான்.

ஹோட்டல் கூடத்தில் வட்ட மேசை. யார் தலைப்பக்கம் உட்காருவது என்ற சண்டைக்குப் பிறகு வாங்கியது. டாக்டர் சுபிரியா ஒல்லியாக, களைப்பாக இருந்தார். எதிரே டாக்டர் எல்கேரா, நன்றாக உடுத்திய தடித்த மனிதர். அவர்களுக்கு நடுவில் காகிதங்கள். ஒவ்வொரு அரசும் மற்ற அரசுக்குக் கொடுத்த கண்டனங்கள் மேலாக இருந்தன. கம்பி அறுந்ததற்கு இருவரும் ஒருவரிடம் ஒருவர் நஷ்டஈடு கேட்டிருந்தார்கள்.

பெராசா நின்றுகொண்டே சொன்னார். கம்பி அறுபடவில்லை. இரண்டு கரையும் ஒரே உத்தரவைப் போட்டுவிட்டுக் காத்திருக்கின்றன. நிகனோர் விறகு பிளந்தார், அவ்வளவுதான். சொல்லி முடிப்பதற்குள் வெனான்சியோ மேசையைச் சுற்றிப்போய் எல்கேராவின் கையில் தாளைக் கொடுத்துவிட்டான்.

எல்கேரா எழுந்து நின்று அதை உரக்கப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். சுபிரியா பெராசாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கை தவறிப் பாத்திரத்தை உடைத்தவனைப் பார்ப்பது போல இருந்தது.

பிறகு சுபிரியா எதிரே திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"இந்தச் செய்தி உங்களுக்கு எப்படி வந்தது, டாக்டர்?"

"கம்பில."

"கம்பி அறுந்துபோச்சுன்னு உங்க அரசாங்கம் எழுதிக் குடுத்த கண்டனம் இதோ இருக்கு. அறுந்த கம்பில செய்தி வராது. வந்திருக்குன்னா அறுபடல. அறுபடலைன்னா நாலு நாளா உங்க நிலையம் ஏன் வாயத் தொறக்கல?"

எல்கேரா உட்கார்ந்தார். அதே கேள்வியை அவரும் திருப்பிக் கேட்கலாம். கேட்டார். சுபிரியா கண்டனங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். நாளைப் பத்திரிகையில் வந்தால் இரண்டு தலைநகரங்களிலும் மக்கள் சிரிப்பார்கள். இருவர் முகத்திலும் அந்தச் சிரிப்பு முன்கூட்டியே தெரிந்தது. யாரோ காப்பி கொண்டுவரச் சொன்னார்கள்.

எல்கேரா தாளை நான்காக மடித்தார். மெழுகுவத்தியில் காட்டவில்லை. சும்மா கிழித்துக் காப்பித் தட்டில் போட்டார்.

"செய்தி எதுவும் வரல" என்றார்.

"வரல" என்றார் சுபிரியா. "கம்பி அறுந்திருக்கு."

"அறுந்திருக்கு."

செயலாளர் அதை எழுதிக்கொண்டார். வசந்தகாலத்திலிருந்து இரு தரப்பும் தகராறின்றி ஒப்புக்கொண்ட முதல் வாக்கியம் அது.

வெனான்சியோ சுவரோரமாக நின்றிருந்தான். இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அவன் வாயைத் திறந்தான். சுபிரியா அவன் பக்கம் திரும்பி, உன் குழந்தைகள் சௌக்கியமா என்று கேட்டார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"வெட்டு எங்க இருக்கு டாக்டர்?" என்றார் பெராசா. "அறுந்த கம்பிய ரிப்பேர் பண்ண ரெண்டு அரசாங்கமும் சேந்து படகு அனுப்பணும். படகுல போறவங்க வெட்டைத் தேடுவாங்க. எங்க தேடுவாங்க?"

டாக்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதை அவர்கள் யோசித்திருக்கவில்லை.

"படகு போறதுக்கு முன்னால வெட்டு இருக்கும்" என்றார் எல்கேரா மெதுவாக.

பெராசாவுக்கு ஒரு சிறிய இடைவெளி தெரிந்தது. கம்பியைக் காப்பாற்ற முடியாது. ஆளைக் காப்பாற்றலாம். நடுத்தண்ணீரில், ஆழத்தில் வெட்டினால் போதும். ஆழத்தில் கிடக்கும் கம்பியைக் கோடாலியோடு போகிற ஒரு தனி மனிதனால் வெட்டவே முடியாது. அதற்குக் கப்பல் வேண்டும், கொக்கி வேண்டும். நங்கூரம் இழுத்து அறுந்தது என்று சொல்லிவிடலாம். யார்மேலும் குற்றம் இல்லை. நிகனோரை இன்றே விட்டுவிடலாம். இதை அவர் சுபிரியாவின் காதருகே குனிந்து சொன்னார்.

சுபிரியா யோசித்தார். அவருக்கு அது பிடித்திருந்தது. பெராசாவின் கையை லேசாகத் தட்டிக்கொடுத்தார். பிறகு மேசையில் எடுத்து வைத்தார்: வெட்டு நடுவில் இருக்கட்டும்.

"நடுவுன்னா?" என்றார் எல்கேரா.

வரைபடத்தை விரித்தார்கள்.

எங்கள் கரையில் இந்தத் தண்ணீரைக் கடல் என்போம். கடல் என்றால் இரு கரைக்கும் சரிபாதியில் கோடு. எதிர்க்கரையில் அதை ஆறு என்பார்கள். ஆறு என்றால் ஆழமான கால்வாய் ஓடும் இடம்தான் எல்லை. அது எங்கள் கரைக்கு நெருக்கமாக ஓடுகிறது. இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரு மாகாணத்தைப் போடலாம். அந்த இடைவெளியில் எங்கே வெட்டினாலும் அது யாருடைய தண்ணீர் என்று சொல்லியாக வேண்டும். சொன்னால் இவ்வளவு மாதம் பேசியதும் அதோடு முடிந்துவிடும். சுபிரியா கடல் என்றார். எல்கேரா ஆறு என்றார். சுபிரியா உப்பைப் பற்றிப் பேசினார். எல்கேரா மீன்களைப் பற்றிப் பேசினார். பெராசா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கப்பலின் இரண்டாவது சங்கு ஊதியது.

"ரெண்டு பேருக்கும் சண்டை இல்லாத எடம் ஒண்ணுதான் இருக்கு" என்றார் எல்கேரா கடைசியில். அவருக்கும் களைத்துவிட்டது. விரலை வரைபடத்தின் ஓரத்தில் வைத்தார். "இந்தக் கரை. குடிசைக்குக் கீழே. இது உங்களோடதுதான், நாங்க மறுக்கல."

சுபிரியா தலையசைத்தார். செயலாளர் எழுதினார். இரண்டாவது வாக்கியம்.

குடிசைக்குக் கீழே முழங்கால் அளவுத் தண்ணீர். கோடாலியோடு யாரும் இறங்கலாம்.

சுபிரியா வாசல்வரை கூட வந்தார். தனக்கும் எல்லாம் தெரியும் என்றார். இந்தப் பேச்சு முறிந்தால் இரண்டு கரையிலும் பீரங்கியைத் துடைக்க ஆள் தயாராக இருக்கிறது என்றார். அதுவும் பொய் இல்லை.

"ஒருத்தர் போறதால எத்தனை பேர் தப்பிக்கிறாங்கன்னு பாருங்க, பெராசா."

"இதை நீங்களே துறைமுகத்துக்கு வந்து எதெல்வீனாகிட்டச் சொல்லிடுங்க டாக்டர்" என்றான் சிரிலோ. "எங்களுக்கு இவ்வளவு அழகா பேச வராது."

சுபிரியா அவன் சொன்னது காதில் விழாதது போல உள்ளே போனார்.

*

துறைமுகத்தில் காற்று தெற்கிலிருந்து அடித்தது. நிகனோரை இரண்டு காவலர்கள் அழைத்து வந்திருந்தார்கள். ஒருவன் இந்தக் கரை, ஒருவன் அந்தக் கரை. எதெல்வீனா கணவரின் கழுத்தில் ஒரு கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி முடித்த பிறகும் அதன் நுனியைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

பெராசாவைப் பார்த்ததும் அவள் கை நின்றது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி துண்டைச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.

பெராசா நிகனோரிடம் எல்லாவற்றையும் சொன்னார். எதையும் மறைக்கவில்லை, மறைத்தும் பயன் இல்லை. நிகனோர் குறுக்கிடாமல் கேட்டார். நரைத்த, மெலிந்த மனிதர். கேட்கும்போது கண்ணை இடுக்கிக்கொள்வார். இருட்டறையில் வெகுகாலம் வேலை பார்த்தவரின் பழக்கம்.

"அப்போ கம்பி நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"இப்போதைக்கு."

"அந்தப் பக்கம் இருந்தவர் என்ன சொன்னாரு?"

"முதல்ல உங்களைத்தான் கேட்டார். எங்கேன்னு."

நிகனோர் தண்ணீரைப் பார்த்தார். பதினோரு வருடம் ஒருவரோடு ஒருவர் பேசியும் அவர்கள் நேரில் சந்தித்ததில்லை. எதிர்க்கரையில் இறங்கும்போது அவர் வந்திருப்பாரா என்று யோசிக்கிறாரோ என்று பெராசாவுக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

"எங்க வெட்டப் போறாங்க?"

"குடிசைக்குக் கீழ."

அந்தப் பதிலின் அர்த்தம் நிகனோருக்கு உடனே தெரிந்தது. அவர் கண் ஒரு கணம் மனைவியிடம் போய்த் திரும்பியது. அவளுக்கும் தெரிந்துவிட்டது. அவள் துண்டை விட்டுவிட்டாள்.

மூன்றாவது சங்கு ஊதியது. இந்தக் கரைக் காவலன் மரியாதையாக, நேரமாகிவிட்டது தோன் நிகனோர் என்றான். அந்தக் கரைக் காவலன் கைகட்டி நின்றான். அவனுடைய பொறுப்பு கப்பலில்தான் ஆரம்பம்.

பலகையில் கால் வைத்த பிறகு நிகனோர் நின்றார்.

"வெட்டின நுனியத் தண்ணில விட்டுடுவானுங்க" என்றார். "விட்டா கம்பி உள்ள ஈரம் ஏறிடும். அப்புறம் ஒட்டவே முடியாது. உடனே மெழுகு வச்சு மூடணும். வெனான்சியோகிட்டச் சொல்லுங்க. அவன் பயந்துட்டு உள்ளேயே உக்காந்திருப்பான். அவனுக்குத் தைரியம் இல்லைன்னா நீங்களே மூடுங்க."

"மூடறேன்" என்றார் பெராசா. "எவ்வளவு கனத்துக்கு?"

நிகனோர் காட்டினார். காட்டியது ஒரு கைதான். விலங்கு போட்டிருந்ததால் இரண்டும் சேர்ந்து எழுந்தன.